இடது பக்கத்துப் பம்பர் பட்டை

பாய்,

ஹீட் கன் சூடு பட்டு இளகும் பிளாஸ்டிக்கின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் என்னால் அங்கே நிற்க முடியாது. ஷெட்டில் அந்த வேலை வந்தாலே நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவேன். பேசுவதற்கு அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள். பதினோரு வருஷம் இப்படியே தப்பித்து வந்தேன்.

இன்று காலை மறுபடியும் அந்த மாடல் வண்டி வந்தது. பாறை, மணல் எதிலும் ஏறும், நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப். முன் பம்பரின் இரண்டு ஓரங்களிலும் சக்கரம் வரைக்கும் வளைந்து போகுமே அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை, அதைக் கழற்றிவிட்டு இரும்பு பம்பர் மாட்டவேண்டும் என்றார் வண்டிக்காரர். ஆட்கள் சும்மாதான் இருந்தார்கள். ஆனாலும் நானே தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் என்பது இப்போது அவர்களுக்குத் தெரியும்.

இடது பக்கம். சக்கரத்துக்கு மேலே இருக்கும் உள் உறையை விலக்கினேன். சேறு காய்ந்து அப்பியிருந்தது. துணியால் துடைத்தபோது மூலையில் அந்த ஸ்குரூ தெரிந்தது. அதை எடுத்தேன். பனி விளக்கின் வயரைப் பிடுங்கினேன். கிளிப்புகளின் நடு ஊசியை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தேன். லேசாகச் சூடு காட்டி, பிளாஸ்டிக் ஆப்பை ஓரத்தில் கொடுத்து, முன்னால் இழுக்காமல் பக்கவாட்டில் நெம்பினேன். பட்டை ஒரு கீறல் இல்லாமல் முழுசாகக் கைக்கு வந்தது. பத்து நிமிஷ வேலை. எழுந்து உட்கார்ந்து, அந்தப் பட்டையை மடியில் வைத்துத் துடைத்தேன். அதனால்தான் வீட்டுக்கு வந்தவுடன் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே மாசத்தில்தான் அந்த ஷெட்டில் சேர்ந்தோம். நீ ராயபுரத்தில் ரயில் ஏறித் திருவொற்றியூரில் இறங்குவாய். நான் காலடிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் காத்திருப்பேன். டீ உள்ளே போகும்வரை உன்னிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது, எரிந்து விழுவாய். போனபிறகு நிறுத்தமாட்டாய். கேரம் ஆட்டத்தில் வெட்கமே இல்லாமல் ஏமாற்றுவாய். ஆனால் வண்டியில் கை வைத்துவிட்டால் நீ வேறு ஆள். கழற்றிய ஸ்குரூக்களை ஒரு பிரியாணி டப்பாவின் மூடியில், வண்டியில் இருந்த அதே வரிசையில் அடுக்கி வைப்பாய். நான் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். மாட்டும்போது எனக்கு எப்போதும் ஒன்று குறையும். நீ சிரித்துக்கொண்டே உன் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துத் தருவாய்.

என் மகள் பிறந்தபோது உன் மனைவி மெல்லிய துணியில் நான்கு ஜப்லா தைத்துக் கொடுத்தனுப்பினார். 'கொயந்தைக்கு உறுத்தாது, தையல வெளிப்பக்கமா வெச்சிகீறா' என்று நீ பெருமையாகக் காட்டினாய். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த அன்று ஷெட்டில் எல்லோரிடமும் அவள் மூக்கு என்னைப் போல இல்லாததற்கு அல்லாவுக்கு நன்றி சொன்னாய்.

அந்தச் சமயத்தில்தான் பழைய சூப்பர்வைசர் வெளிநாடு கிளம்பினார். உங்கள் ரெண்டு பேரில் ஒருத்தர்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அது நீதான் என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நீயே அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நான் மட்டும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். உன்னைவிட நான் வேகம் என்று முதலாளி ஒரு தடவையாவது பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். உன்னைக் கெடுக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இப்போது எந்த ஆறுதலும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜீப் காலையிலேயே வந்துவிட்டது. லாரி கம்பெனிக்காரருடைய வண்டி. அவருடைய வண்டிகள் எல்லாமே நம் ஷெட்டுக்குத்தான் வரும். கூட்டாளிகளோடு மலைப்பக்கம் போகிறாராம், சாயங்காலத்துக்குள் இரும்பு பம்பர் ஏறவேண்டும் என்று நின்றார். வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் உனக்கு. நீ அந்த மாடலை முன்பு ஒரு தடவை கழற்றியிருந்தாய். எனக்கு அது புதுசு. என் பக்கத்துப் பட்டையை நீதான் வந்து, ஹீட் கன்னால் எங்கே சூடு காட்டவேண்டும் என்று காட்டிக் காட்டிக் கழற்ற வைத்தாய். அதற்குள் ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டே சொன்னாய்:

"மாமு, என் பக்கம் அப்டியே இருக்கட்டும். அந்தப் பக்கத்து ஸ்குரூ சேத்துக்குள்ள ஒளிஞ்சினு கீது. நான் தொய்துட்டு வந்து கயட்டிக்கிறேன்."

சரி என்று தலையாட்டினேன்.

நீ போன பிறகு முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். நான் இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். சேற்றைத் துடைத்துப் பார்த்தேன், ஸ்குரூ தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் துடைத்திருந்தால் தெரிந்திருக்கும். என் பக்கத்தில் இருந்ததே ஒரே ஒரு ஸ்குரூதான், இங்கே அதை ஏற்கனவே யாரோ எடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளிப்புகளை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.

அந்தச் சத்தம் உனக்குக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் கேட்கிறது. பட்டை குறுக்காகக் கிழிந்தது. பம்பரின் மூலை பெயர்ந்து வந்தது. விளக்கின் வயர் அறுந்து தொங்கியது. கிழிந்த முனை பக்கத்துத் தகட்டில் முழ நீளத்துக்குப் பெயிண்டைக் கீறிக் கோடு போட்டிருந்தது. நான் எழுந்து என் பக்கத்துக்கு, வலது பக்கத்துக்கு, வந்து நின்றேன். யோசித்துச் செய்ததாக ஞாபகம் இல்லை. கால் தானாக நடந்தது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். லாரிக்காரரும் பின்னாலேயே வந்தார். யார் செய்தது என்று கேட்டார் முதலாளி.

"அந்தப் பக்கம் பாய் பாத்துகினு இருந்தாரு" என்றேன்.

பாய், இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தப் பக்கம் நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். நான் பொய் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டேன். பொய்யே கலக்காமல் ஒருவனை இப்படி மாட்டிவிட முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைவிட மோசம், அவ்வளவு சுலபமாக அது என் வாயில் வந்தது.

முதலாளி லாரிக்காரரைப் பார்த்துச் சொன்னார், வேலையை நடுவில் போட்டுவிட்டுத் தொழப் போனால் இப்படித்தான் ஆகும் என்று. நான் அதற்கும் பேசாமல் நின்றேன்.

நீ தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி வந்தாய். முதலில் வண்டியைப் பார்த்தாய். குனிந்து, உடையாமல் அப்படியே இருந்த அந்த ஸ்குரூவைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். முறைக்கவில்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்த்து நின்றதுபோல இருந்தது. நீ எனக்குக் கொடுத்த நேரம் அது. நான் கையிலிருந்த துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன்.

இது உன் பக்கம்தானே என்று முதலாளி கேட்டார்.

"ஆமா மொதலாளி. இது என் பக்கந்தான்" என்றாய்.

அதுவும் உண்மைதான். நான் சொன்னதும் உண்மை, நீ சொன்னதும் உண்மை. கணக்கை முடித்துக்கொண்டு போ என்றார் முதலாளி. நீ உன் சாமான்களை எடுத்துக்கொண்டு அன்று மதியமே ஷெட்டை விட்டுப் போனாய். போகும்போது என் தோளைத் தொடவில்லை. 'வரேன் மாமு' என்று மட்டும் சொன்னாய். அடுத்த மாசம் நான் சூப்பர்வைசர் ஆனேன்.

எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் உனக்கு வேலை கிடைத்ததாக யாரோ சொன்னார்கள். நெளிந்த பெட்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் புகுந்து சுத்தியல் அடிப்பது என்னவென்று எனக்குத் தெரியாதா? மழை நாளில் டிரெய்லர் லாரி வரிசைக்கு நடுவே நீ நடந்து போவதை ஒரு தடவை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். முழங்கால்வரை எண்ணெய்ச் சேறு. நான் ஜன்னலிலிருந்து முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

நாம் பேசியது ஒரே ஒரு தடவை. ஐந்து வருஷம் கழித்து, கும்மிடிப்பூண்டி வண்டியில். நான் ஏறியதைப் பார்த்து நீதான் கூப்பிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாய். தாடி நரைத்திருந்தது. மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டாய். மூக்கைப் பற்றிக் கேட்டாய். கொருக்குப்பேட்டை வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"பாய், அன்னிக்கு அந்த ஜீப்பு…" என்று ஆரம்பித்தேன்.

நீ என்னை முடிக்க விடவில்லை.

"வுடு மாமு. உனுக்கு அப்போ கொயந்த பொறந்து எட்டு நாளு. வேல போயிருந்தா இன்னா பண்ணிருப்ப? நான் இன்னா, எங்கியாவது தட்டிகினு பொயச்சிக்குவேன்."

எனக்காக ஒரு காரணத்தை நீயே செய்து, ஐந்து வருஷமாக வைத்திருந்து, கையில் கொடுத்தாய். அது நிஜமில்லை. அந்த நிமிஷத்தில் என் மகள் ஞாபகமே எனக்கு வரவில்லை. எனக்கு அந்தச் சூப்பர்வைசர் வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் நீ கொடுத்ததை நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து 'ஆமா பாய்' என்றேன். நீ என் முட்டியில் தட்டிவிட்டு ராயபுரத்தில் இறங்கிப் போனாய். ஜீப்பை உடைத்ததும் பழியைத் தள்ளியதும் ஒரு பயத்தில் நடந்தது என்றாவது சொல்லலாம். ரயிலில் நான் செய்தது பயத்தில் இல்லை. சௌகரியமாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் நீ போய்விட்டாய். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். கடைசியாக உன் மய்யத்தைப் பார்க்க வந்தேன். யார்டிலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. கல்மண்டபத்திலிருந்து கபர்ஸ்தான் வரைக்கும் பின்னாலேயே நடந்தேன். சந்தூக்குக்குத் தோள் கொடுக்கச் சொல்லி ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். நான் பின்வாங்கிவிட்டேன். அவருக்கு நான் யாரென்று தெரியாது.

மறுவாரம் முதலாளியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டையைக் கழற்றியது நான், உடைத்தது நான் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். எந்த ஜீப் என்று கேட்டார். உன்னை அடையாளம் சொன்னேன்.

"அந்தப் பாயா? அவன் தானா நின்னுட்டான்னு இல்ல நெனச்சிகினு கீறேன்" என்றார்.

உன் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட அந்த மதியம் அவருக்கு ஞாபகத்தில்கூட இல்லை. சூப்பர்வைசர் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். இப்போது விட்டு என்ன ஆகப்போகிறது, போய் வேலையைப் பார் என்றார். பார்த்தேன். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

உன் வீட்டுக்குப் போவதற்கு இத்தா முடியட்டும் என்று இருந்தேன். நான்கு மாசம் பத்து நாள் உன் மனைவி வெளி ஆண்களைப் பார்க்கமாட்டார் என்பது உண்மை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. முடிந்த பிறகும் ஒரு மாசம் தள்ளினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். உன் மகள் திறந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலையாம். 'அத்தாவோட பழைய தோஸ்து' என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். உன் மனைவி தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ஜப்லா போட்ட குழந்தையைத்தான் அவருக்குத் தெரியும்.

நான் உட்காராமலே சொன்னேன். சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் போனேன். அது யாருடைய பாரம் என்று யோசிக்கவில்லை.

அவர் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் இல்லாமல், எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நானு அவர இன்னா பேச்செல்லாம் பேசிகீறேன் தெரியுமா அண்ணே. வூட்ல ஒரு கிளாஸ் ஒடஞ்சா, கொயா ஒடஞ்சா, ஒடைக்கறதுக்குன்னே பொறந்த கையின்னு சொல்லுவேன். கவனம் இருந்தா அந்த வேல போயிருக்குமான்னு சொல்லுவேன். அவரு சிரிப்பாரு. ஒரு நாளும் நான் ஒடைக்கலன்னு சொன்னதில்ல."

மகள் கதவோரமே நின்றிருந்தாள்.

"அன்னிக்கு இன்னா கெயம?" என்று உன் மனைவி கேட்டார்.

"வெள்ளி. பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தாரு."

அவர் மகளைப் பார்த்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள்தான் பிறகு எனக்கு விளக்கினாள், மெதுவாக, ஒரு நோயாளிக்குச் சொல்வதுபோல. யார்டில் சேர்ந்த நாளிலிருந்து வேலை நேரத்தில் நீ ஜும்மாவுக்குப் போனதே இல்லையாம். பள்ளிவாசல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்ததாம். லீவு வெள்ளிக்கிழமையில் விழுந்தால் மட்டும் போவாயாம். இதற்காக வீட்டில் பத்து வருஷமாகச் சண்டை. அம்மா அழுவாராம், தெருவில் கேட்கிறார்கள் என்பாராம். 'எடத்த வுட்டு நவுர முடியாது' என்று ஒரே பதில் சொல்வாயாம். யார்டுக்காரர்கள் விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நீ மௌத்தான அன்று வந்த யார்டு ஆட்கள்தான் சொன்னார்களாம், 'போய்ட்டு வா பாய், நாங்க பாத்துக்கறோம்னு எவ்ளோ சொன்னாலும் கேக்கமாட்டாரு, கயட்டிப் போட்ட வேலையாண்டயே நிப்பாரு' என்று. ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை.

பாய், உன் வேலையைத்தான் பறித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் மனைவி அழவில்லை. எழுந்து உள்ளே போனார். மகள் என்னைப் பார்த்து, நீங்கள் கிளம்புங்கள் என்றாள். படி இறங்கும்போது உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அழுகை வெளியே கேட்காமலிருக்க அப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான்.

இரண்டு வாரம் கழித்து மகள் போன் செய்தாள். அத்தா வேலை செய்த இடத்தை அம்மா பார்க்கவேண்டும் என்கிறார், கூட்டிப்போக முடியுமா என்றாள். அத்தனை வருஷம் நீ வேலை செய்தும் அவர் ஷெட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆட்டோவில் போய் இருவரையும் அழைத்து வந்தேன்.

ஷெட்டுக்குள் வந்ததும், அவர் எங்கே நிற்பார் என்று உன் மனைவி கேட்டார். காட்டினேன். வாசலிலிருந்து உள்ளே வந்தால் இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில். அங்கே ஒரு கார் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர் இவரைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விலகினார். உன் மனைவி அந்த இடத்தில் போய் நின்றார். தரையைப் பார்த்தார், கூரைத் தகட்டைப் பார்த்தார், தூணைக் கையால் தொட்டார். ஒவ்வொரு இயந்திரமாக நின்று, ஷெட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று.

"என்னாண்ட சொன்னத இவங்களாண்ட சொல்லுங்க அண்ணே" என்றார்.

சத்தம் நின்றதைக் கேட்டு முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். விஷயத்தைப் புரிந்துகொண்டு, பழைய கதையை இப்போது எதற்கம்மா கிளறவேண்டும் என்று தணிவாகத்தான் சொன்னார்.

"ஒங்களுக்கு அது பயசு மொதலாளி. எனக்கு ரெண்டு வாரந்தான் ஆச்சு" என்றார் உன் மனைவி.

சொன்னேன். ஒன்பது பேர் கேட்டார்கள். பாதிப் பேர் உன்னைப் பார்த்ததே இல்லை. ஸ்குரூவைப் பற்றி நீ எச்சரித்ததைச் சொன்னேன். இழுத்ததைச் சொன்னேன். எழுந்து வலது பக்கம் வந்து நின்றதைச் சொன்னேன். என் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். தொழப் போனதைப் பற்றி முதலாளி பேசியபோது சும்மா நின்றதையும் அவர் முன்னாலேயே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். குழந்தைக்காகச் செய்ததாக நீ நினைத்திருந்தாய், அது அப்படியில்லை, இந்தச் சூப்பர்வைசர் சட்டைக்காகத்தான் செய்தேன் என்றும் சொன்னேன். நடுவில் குரல் உடைந்தது. யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. கொண்டுவராததே சரி என்று நினைத்தேன்.

முடித்ததும் உன் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். 'எல்லாரும் கேட்டாங்கல்ல. போலாம்' என்றார்.

மறுநாள் மதியம் சாப்பிடப் போகும்போது ஒரு ஆள் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னார். 'என் வண்டியாண்ட யாரையும் வுடாத, நான் வந்து பாத்துக்கறேன்.' நான் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது ஷெட்டில் அவரவர் வண்டிக்கு அவரவர்தான். நான் பக்கத்தில் போனால் பேச்சு நிற்கிறது. வேலை நடக்கிறது, மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கேரம் பலகை மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஷெட்டிலிருந்து அவர்களைத் திரும்பக் கொண்டுவிட்டபோது ஆட்டோ உன் தெரு முனையில் நின்றது. மகள் முதலில் இறங்கினாள். உன் மனைவி இறங்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டடி நடந்து, திரும்பி வந்தார். கோபம் இல்லை முகத்தில். களைத்துப்போயிருந்தார்.

"இனிமே வராதீங்க அண்ணே" என்றார்.

சரி என்றேன். அவர் போய்விட்டார்.

மன்னித்திருந்தால் அதை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் நாலு நாளில் செலவழித்திருப்பேன். ரயிலில் நீ கொடுத்ததை அப்படித்தான் செலவழித்தேன். இவர் கொடுத்தது தீராது. ராயபுரம் பக்கம் வேலை இருந்தால் அந்தத் தெருவை விட்டு ஒரு தெரு சுற்றிப் போகிறேன். ஒரு நாள் மெட்ரோ ஸ்டேஷனில் உன் மகள் வருவதைப் பார்த்துவிட்டு, அவள் தாண்டிப் போகும்வரை வேறு பக்கம் திரும்பி நின்றேன். உன் மனைவி என்னிடம் கேட்டது அது ஒன்றுதான், அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன். வராதே என்று சொன்ன அந்த வாயிலும் 'அண்ணே' என்ற சொல் இருந்தது, பாய். அதைப் பழக்கத்தில் சொன்னாரா, தெரிந்தே விட்டுவைத்தாரா என்று தெரியாமலே என் காலம் போகும்.